ரம்பம் பற்றி ஒரு ரம்பம்

தலைப்பைப் பார்த்துட்டு ஓடிடாதீங்க மக்களே. இது நிஜமாவே ரம்பம் பற்றிய பதிவுதான்.

எங்க வீட்டு கராஜில் இருக்கிற டேபிள் சா பற்றி எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை. ஆனா அதில் ஒரு சிக்கல். ஒரு தடவை அம்மாகிட்ட போன்ல "சாவுக்குப் புது பெல்ட் மாட்டினேன், சாவைத் துடைச்சு எண்ணெய் போட்டேன்"னு பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தேன். ரெண்டு நிமிஷம் பொறுமையா கேட்ட அம்மா, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்னடா சாவு சாவுன்னு பேசறே?"ன்னு ஒரு அதட்டல் போட்டாங்க. அதனால இந்தப் பதிவு முழுக்க அது ரம்பம்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

2020 லாக்டவுன்ல ஊரே வீட்டுக்குள்ள உட்கார்ந்து புளிச்ச மாவில் ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தப்போ, நான் மர வேலையில் குதிச்சேன். நான் இருக்கிறது அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில். இங்கே வீட்டு கராஜில் காரை விட்டா கார், கருவியை வெச்சா பட்டறை. 40 மைல் தள்ளி ஒரு ரிட்டயர்ட் பெரியவர் தன்னோட பழைய ரம்பத்தை 175 டாலருக்கு விற்கிறார்னு தெரிஞ்சு, நண்பனோட பிக்கப் வண்டியில் போய் ஏற்றிக்கிட்டு வந்தேன். வரும்போது அவர் ஒரு அட்டைப்பெட்டியையும் தூக்கிக் கொடுத்தார். "இதில் ரம்பத்தோட பாதுகாப்பு மூடி, மற்ற சாமானெல்லாம் இருக்கு. நான் ஒரு நாளும் மாட்டினதில்லை"ன்னார். நானும் வாங்கி பரண்ல போட்டேன். அந்தப் பெட்டியைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

இந்த வகை ரம்பத்துக்கு இங்கே 'கான்ட்ராக்டர்' ரம்பம்னு பேர். கட்டட வேலைக்காரங்க சைட்டுக்குத் தூக்கிட்டுப் போகலாம்னு அந்தக் காலத்தில் செஞ்சது. மேலே வார்ப்பிரும்பு மேசை, கீழே நாலு தகரக் கால், 10 அங்குல வட்ட ரம்பத் தகடு, ஒன்றரை குதிரைத்திறன் மோட்டார். மோட்டார் உள்ளே இருக்காது. பின்பக்கம் வெளியே, வௌவால் மாதிரி தொங்கும். அதிலிருந்து ஒரே ஒரு பெல்ட் உள்ளே போய் தகட்டைச் சுத்தும். இதுக்கு மேல ஒரு ஜாதி உண்டு, 'கேபினெட்' ரம்பம். மோட்டார் பெட்டிக்குள்ளேயே இருக்கும், யானை கனம், விலையும் யானை விலை. நம்மை மாதிரி வார இறுதித் தச்சர்களுக்குக் கட்டுப்படியாகிறது கான்ட்ராக்டர்தான். நல்லா பார்த்துக்கிட்டா நம்ம ஆயுசுக்கும் உழைக்கும்.

வாங்கின அடுத்த நாளே மண்டைக்குள்ள மணி அடிக்க ஆரம்பிச்சது. அப்கிரேடு! புது பைக் வாங்கினவன் சைலன்சரை மாத்தற மாதிரி, பழைய ரம்பம் வாங்கினவனுக்கு இது ஒரு வியாதி. இந்த வியாதிக்கு எல்லாரும் ஒரே மருந்துச்சீட்டுதான் எழுதித் தருவாங்க. முதல்ல நல்ல ஃபென்ஸ். அப்புறம் கண்ணி கண்ணியா கோர்த்த லிங்க் பெல்ட். அப்புறம் தகர இறக்கையைக் கழட்டிட்டு வார்ப்பிரும்பு இறக்கை. அப்புறம் 240 வோல்ட்.

நானும் சமத்துப் பிள்ளையா வரிசை மாறாம செஞ்சேன். ஒண்ணே கால் வருஷத்தில் 175 டாலர் ரம்பத்துக்கு 400 டாலருக்கு மேல நகை போட்டாச்சு. தங்கமணி ஒரு நாள் கணக்குப் பார்த்துட்டு, "என்னங்க, இதுக்குக் கல்யாணம் கிட்யாணம் ஏதாவது பண்ணப் போறீங்களா?"ன்னாங்க.

என் கட்சியை இப்பவே சொல்லிடறேன். அந்த வரிசை தப்பு. கொஞ்சம் தப்பு இல்லை, தலைகீழா தப்பு. பழைய ரம்பத்துக்கு முதல் காசும் முதல் நேரமும் போக வேண்டியது அது துல்லியமா அறுக்கிறதுக்கு இல்லை, நம்மைத் தாக்காம இருக்கிறதுக்கு. இதைப் புத்தகத்தில் படிச்சுச் சொல்லலை. வயித்துல வாங்கிட்டுச் சொல்றேன்.

(கொசுவத்தி சுத்துது...)

2022 நவம்பர், ஒரு சனிக்கிழமை. பொண்ணு படிக்கிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு புத்தக அலமாரி. முக்கால் அங்குல பிளைவுட்டை ஒன்றரை அடி அகலத்துக்குக் கிழிச்சுக்கிட்டு இருந்தேன். புது ஃபென்ஸ், புது பெல்ட், வெண்ணெய் மாதிரி போய்க்கிட்டு இருந்தது. முக்கால்வாசி தாண்டியிருப்பேன். 'டப்'புன்னு ஒரு சத்தம். பலகை கையில் இல்லை. இடுப்புக்கு மேல யாரோ எட்டி உதைச்ச மாதிரி இருந்தது. அப்படியே மடங்கி உட்கார்ந்துட்டேன். என் மேல உரசிட்டுப் போன பலகை பின்னால நின்ன பழைய ஃப்ரிட்ஜ் கதவில் மோதி, ஒரு குழி போட்டுட்டு விழுந்து கிடந்தது.

வயித்துல கத்திரிக்காய் நிறத்தில் ஒரு தழும்பு. மூணு வாரம் இருந்தது. அது போயிடுச்சு, பரவாயில்லை. எனக்கு இன்னிக்கும் போகாதது அந்த ஃப்ரிட்ஜ் குழி. எங்க பொண்ணுக்கு அப்போ எட்டு வயசு. நான் வேலை செய்யும்போது அந்த ஃப்ரிட்ஜில் சாய்ஞ்சு நின்னுக்கிட்டு "அப்பா இது என்ன, அப்பா அது என்ன"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. அன்னிக்கு ஒரு தோழியோட பிறந்தநாளுக்குப் போயிருந்தா. குழி இருந்த உயரம் அவ நெஞ்சு உயரம். அளந்து பார்த்தேன். அளந்திருக்கக் கூடாது.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் ரம்பத்தைத் தொடலை. தொடாம, ஏன் இப்படி ஆச்சுன்னு மட்டும் யோசிச்சேன்.

விஷயம் சிம்பிள். தகடு நம்மைப் பார்த்துச் சுத்துது. முன்பக்கப் பல் மரத்தைக் கீழே, மேசையோட சேர்த்து அழுத்தும். அது நல்லது. பின்பக்கப் பல் கீழிருந்து மேலே எழும்பி நம்ம பக்கம் வரும். அறுத்து முடிச்ச மரம் அந்தப் பின்பல்லில் பட்டுச்சுன்னா அது மரத்தைத் தூக்கி நம்ம மேலேயே எறியும். 10 அங்குலத் தகடு நிமிஷத்துக்கு 4,000 சுற்று சுத்தினா அதன் விளிம்பு வேகம் மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர். எந்த மனுஷக் கைக்கும் அதைப் பிடிச்சு நிறுத்தற வேகம் கிடையாது. 'கவனமா இருந்தா போதும்'னு சொல்றவங்க இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்க.

மரம் ஏன் பின்பல்லில் பட்டது? ஃபென்ஸுக்கும் தகட்டுக்கும் நடுவில் இடம் பின்னால போகப் போகக் குறைஞ்சா மரம் நசுங்கும், பின்பல் பிடிச்சுக்கும். 'நம்ம ஃபென்ஸ்தான் புதுசாச்சே, கோடு போட்ட மாதிரி நேரா இருக்கே'ன்னு நினைச்சேன். ஃபென்ஸ் நேராதான் இருந்தது. தகடுதான் கோணல்!

கான்ட்ராக்டர் ரம்பத்தில் தகட்டைத் தாங்குற அமைப்பு, அதை ட்ரனியன்னு சொல்வாங்க, மேசையோட அடிவயித்தில் நாலு போல்ட்டில் தொங்குது. 40 மைல் பிக்கப்பில் குலுங்கி வந்ததோ, அதுக்கு முன்னாடியே அப்படித்தானோ, தகட்டோட பின்முனை ஃபென்ஸ் பக்கம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா சாய்ஞ்சிருந்தது. நான் ஃபென்ஸை மேசைப் பள்ளத்துக்கு நேரா வெச்சேன். தகடு பள்ளத்துக்கு நேரா இருக்கான்னு ஒரு நாளும் பார்க்கலை. கோணல் சக்கரத்துக்குப் பக்கத்தில் நேரான சுவர் கட்டின கதை.

பழைய ஓட்டை ஃபென்ஸ் இருந்தப்போ நான் பயந்து பயந்து அறுத்தேன், ஒவ்வொரு வெட்டுக்கும் ரெண்டு தடவை பார்த்தேன். புது ஃபென்ஸ் வந்ததும் பயம் போயிடுச்சு. ஆபத்து அப்படியே இருக்க, பயம் மட்டும் போறதுக்கு 220 டாலர் செலவு பண்ணியிருக்கேன்.

பரண்ல இருந்த அட்டைப்பெட்டி ஞாபகம் இருக்கா? அப்பதான் இறக்கினேன். உள்ளே கீறல் விழுந்த பிளாஸ்டிக் மூடி. அதோட ஒரு மெல்லிய இரும்புத் தகடு, ரெண்டு பக்கமும் பல் வெச்ச கொக்கி. அந்த இரும்புத் தகடுதான் ஸ்ப்ளிட்டர். ரம்பத்துக்குப் பின்னால, அறுத்த பிளவுக்குள்ள நுழைஞ்சு நிற்கும். மரத்தைப் பின்பல் பக்கம் சாய விடாது. கொக்கி, மரம் பின்னோக்கி வந்தா கவ்விப் பிடிக்கும். எனக்கு விழுந்த உதையைத் தடுக்கிறதுக்குன்னே செஞ்ச சாமான், என் தலைக்கு மேலேயே பரண்ல தூங்கிட்டு இருந்திருக்கு.

அதுக்கப்புறம் நான் கத்துக்கிட்டதை வெச்சு, என் வரிசை இதுதான்.

1. முதல்ல கோணல் எடுங்க. செலவு பூஜ்யம். பிளக்கைக் கழட்டிட்டு, தகட்டை முழு உயரத்துக்கு ஏத்துங்க. ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வைங்க. மேசைப் பள்ளத்திலிருந்து அந்தப் பல்லுக்கு மூலைமட்டம் வெச்சு அளங்க. தகட்டைக் கையால் சுத்தி அதே பல்லைப் பின்னால கொண்டு போய் மறுபடி அளங்க. அதே பல்தான், வேற பல் கூடாது. ஏன்னா தகடே லேசா வளைஞ்சிருந்தா கணக்கு தப்பிடும். வித்தியாசம் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் அஞ்சு பங்குக்குள்ள இருக்கணும். இல்லைன்னா அடியில் மூணு போல்ட்டைத் தளர்த்தி, நாலாவதை லேசா விட்டு, மரக்கட்டை வெச்சு சுத்தியலால் தட்டணும். தட்டு, இறுக்கு, அள. இறுக்கும்போது மறுபடி நகரும், மறுபடி தட்டு. எனக்கு ஒரு சனிக்கிழமையும் முதுகும் போச்சு. தட்டறதுக்குப் பதிலா திருகி நகர்த்தற ஸ்க்ரூ செட்டும் கிடைக்குது, குறைஞ்ச விலைதான், வாங்கலாம். நேரா நிற்கும்போது பார்த்தது போதாது, 45 டிகிரி சாய்ச்சும் பாருங்க. வெளியே தொங்குற மோட்டார் கனத்தில் சாய்க்கும்போது கோணம் மாறலாம்.

2. ஸ்ப்ளிட்டர். பழசு இருந்தா மாட்டுங்க. என்னோடது வளைஞ்சிருந்தது, நிமிர்த்த வரலை. அதனால மேசை நடுவில் தகட்டைச் சுத்தி வர்ற பலகையைப் புதுசா செஞ்சு, அதில் செருகற சின்ன பிளாஸ்டிக் ஸ்ப்ளிட்டர் வாங்கினேன். முழுசா 40 டாலர் ஆகலை. குறையும் சொல்லிடறேன். சாய்ச்சு அறுக்க இது உதவாது, தகட்டை ஏத்தி இறக்கினா கூடவே வராது. கூடவே ஏறி இறங்குற தகட்டுக்கு ரைவிங் நைஃப்னு பேர், அமெரிக்காவில் 2008-க்கு அப்புறம் வடிவமைச்ச ரம்பங்களில் வந்தது. பழசில் அதைப் பொருத்தறது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆனா நேர் வெட்டுக்கு இந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டு காவல் தெய்வம் மாதிரி நிற்குது.

3. தள்ளுகட்டை, பெரிய ஸ்விட்ச், பின்மேசை. தள்ளுகட்டை வீட்டில் கிடக்கிற கழிவுப் பலகையில் செஞ்சது, செருப்பு மாதிரி மேலிருந்து அமுக்கித் தள்ளணும். ஸ்விட்சைக் குனிஞ்சு தேடாம முழங்காலால் தட்டி அணைக்கிற மாதிரி மாத்தினேன். பின்மேசை இல்லைன்னா, அறுத்த பலகை கீழே விழாம பிடிக்க, சுத்துற தகட்டுக்கு மேலே எட்டிக் கை நீட்டுவோம். நான் நீட்டியிருக்கேன். நினைச்சா இப்பவும் உள்ளங்கை வேர்க்குது.

4. நல்ல தகடு. ஒன்றரை குதிரைத்திறன் மோட்டாருக்கு மெல்லிய வெட்டுத் தகடு, நீளவாக்கில் கிழிக்க 24 பல். மொட்டைத் தகடு வெச்சா மரத்தை முரட்டுத்தனமா தள்ளுவோம், தள்ளும்போதுதான் கை வழுக்கும். இதுவும் பாதுகாப்புதான்.

5. இப்போ ஃபென்ஸ் வாங்குங்க. ஃபென்ஸை நான் திட்டலை. 1970-களின் கடைசியில் அரிசோனாவில் பீஸ்மையர்னு ஒருத்தர் 'டி' வடிவ ஃபென்ஸ் ஒண்ணு கண்டுபிடிச்சார். முன்னால ஒரே பிடி, தட்டினா நேரா பூட்டிக்கும். இன்னிக்கு நல்ல ஃபென்ஸ்னு விற்கிறதில் பாதி அதோட பிள்ளை, பேரன்தான். வாழ்க்கையே மாறும், உண்மை. ஆனா அது அஞ்சாவது.

மீதியெல்லாம் ஆசைக்கு. லிங்க் பெல்ட் அதிர்வைக் குறைக்குது, நல்லதுதான். வார்ப்பிரும்பு இறக்கை கனம் தருது, அழகும் தருது. 240 வோல்ட்டுக்கு மாத்தினா 'பவர் டபுள்'னு சொன்னாங்க. ஊர்ல வீட்டுக்கு வர்றதே 230 வோல்ட், அங்கே யாரும் மிக்ஸி டபுள் பவர்ல ஓடுதுன்னு குதிக்கலை :-) வோல்ட் ரெண்டு மடங்கானா ஆம்பியர் பாதியாகும், அதே ஒன்றரை குதிரைதான். ஒயர் மெலிசா, நீளமா இருந்தா மோட்டார் கொஞ்சம் சுறுசுறுப்பா கிளம்பும், அவ்வளவே.

இதை நான் நண்பர்கள்கிட்ட சொன்னப்போ ரெண்டு எதிர்ப்பு வந்தது.

முதல் எதிர்ப்பு: "மூடி, ஸ்ப்ளிட்டர் எல்லாம் கத்துக்குட்டிக்கு. அனுபவசாலிக்கு வேண்டாம்." எனக்கு ரம்பம் வித்த பெரியவர் ஒரு நாளும் மூடி மாட்டாம பத்து விரலோட ரிட்டயர் ஆனார், ஒத்துக்கறேன். ஆனா அமெரிக்காவில் டேபிள் ரம்பத்தால் காயம்பட்டு அவசர சிகிச்சைக்குப் போறவங்க ஆண்டுக்கு 30 ஆயிரத்துக்கும் மேலேன்னு இங்கத்திய நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்குச் சொல்லியிருக்கு. அத்தனை பேரும் கத்துக்குட்டி இல்லை. ஹெல்மெட் போடாம வீடு வந்து சேர்ந்தவனைக் காட்டி ஹெல்மெட் வேண்டாம்னு சொல்ற வாதம்தான் இது.

ரெண்டாவது எதிர்ப்பு: "பழசைக் கட்டிக்கிட்டு ஏன் அழறே? விரல் பட்டா நின்னுடற ரம்பம் வாங்கு." இதுக்கு என்னால முழுசா பதில் சொல்ல முடியலை. ஸ்டீவ் காஸ்னு ஒருத்தர், இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கின காப்புரிமை வக்கீல், பொழுதுபோக்குக்கு மர வேலை செய்யறவர், நம்ம ஜாதி. அவர் கண்டுபிடிச்சதுதான் சாஸ்டாப். தகட்டில் லேசான மின் சமிக்ஞை ஓடும். தோல் பட்டதும் அது மாறும். ஒரு அலுமினியக் கட்டை பல்லுக்குள்ள பாய்ஞ்சு, சில மில்லி செகண்டில் தகட்டை நிறுத்திடும். முதல்ல சாசேஜை வெச்சுக் காட்டினவர், அப்புறம் சொந்த விரலையே வெச்சுக் காட்டினார். அந்த ரம்பம் 2004-ல் விற்பனைக்கு வந்தது. எல்லா ரம்பத்திலும் இது வேணுமான்னு அதே ஆணையம் 2011-ல் அதிகாரபூர்வமா பேச்சை ஆரம்பிச்சது, 2017-ல் வரைவு விதியும் போட்டது. விதி வரட்டும்னு நான் காத்துக்கிட்டு இருக்கலை.

ரெண்டு விஷயம் மட்டும். ஒண்ணு, அந்த பிரேக் விரலைக் காப்பாத்தும், பலகை பறக்கிறதைக் காப்பாத்தாது. ஃப்ரிட்ஜில் குழி போட்ட பலகைக்கு வேண்டியது ரைவிங் நைஃபும், கோணல் இல்லாத தகடும்தான். எந்த ரம்பமா இருந்தாலும் இந்தப் பாடம் மாறாது. இன்னொண்ணு, அந்த பிரேக்கை என்னோட பழைய ரம்பத்தில் என்ன செலவு பண்ணினாலும் மாட்ட முடியாது. அப்கிரேடுக்கு ஒரு எல்லை இருக்குன்னு எனக்குப் புரிஞ்ச இடம் அதுதான். வார்ப்பிரும்பு இறக்கைக்கும் 240 வோல்ட்டுக்கும் கொட்டின காசை அன்னிக்கே எடுத்து வெச்சிருந்தா, புது ரம்பத்தில் ஒரு நல்ல பங்கு வந்திருக்கும்.

அதனால இப்போ கராஜில் ஒரு பழைய காபி டப்பா இருக்கு. பழைய ரம்பத்துக்கு எதையாவது வாங்கத் தோணும்போதெல்லாம் அந்தக் காசை அதில் போடறேன். தங்கமணியும் அப்பப்போ ஏதோ போடறாங்க, கேட்டா "நான் இல்லை"ங்கறாங்க.

பொண்ணு இப்போ "அப்பா, எனக்கும் ரம்பம் ஓட்டக் கத்துக் கொடு"ன்னு நிற்கிறா. இந்த ரம்பத்தில் முடியாதுன்னு சொல்லிட்டேன். எனக்கு ஒரு ரூல், அவளுக்கு ஒரு ரூலான்னு கேட்டா. நியாயமான கேள்விதான். எனக்குப் பரவாயில்லைன்னு தோணின ஒண்ணு அவளுக்குப் பரவாயில்லைன்னு தோணலைன்னா, அது எனக்கும் பரவாயில்லாம இருந்திருக்கக் கூடாது இல்லையா? இப்போதைக்குக் கைரம்பம் கொடுத்திருக்கேன். கோடு போட்டு, கோட்டிலேயே அறுக்கிறா. என்னைவிட நேரா.

அந்த ஃப்ரிட்ஜை மாத்தச் சொல்லி தங்கமணி ரொம்ப நாளா கேட்கிறாங்க. அது மட்டும் வேண்டாம்னுட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்விட்ச் போடறதுக்கு முன்னாடி, திரும்பி அந்தக் குழியை ஒரு தடவை பார்த்துக்கறேன்.

டிஸ்கி: பழைய ரம்பம் வாங்கப் போறவங்க, விற்கிறவர்கிட்ட விலை கேட்கிறதுக்கு முன்னாடி "அந்த அட்டைப்பெட்டி எங்கே?"ன்னு கேளுங்க. விற்கப் போறவங்க, கேட்காட்டியும் கொடுங்க. மாட்டச் சொல்லியும் கொடுங்க.